என் அண்ணன் முகத்துக்கு அடித்த ஐந்து கோட்டிங்

மல்லசமுத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு முன்.

என் அண்ணன் சண்முகவேலைக் கட்டிக்கொள்வதாக ஊரறிய வெற்றிலை மாற்றிக்கொண்ட எடப்பாடி சித்ரா நங்கை, அதாவது என் வருங்கால அண்ணி அவர்களுக்கு, நாத்தனாராக இன்னும் பதவியேற்காத தனப்பிரியா, லீவ் லெட்டர் தவிர வேறெதையும் காகிதத்தில் எழுதிப் பழகாத கையால் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், எருமை நலம், பண்ணையில் கோழிகள் அத்தனையும் நலம். ஒரே ஒரு முகம் மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் அப்பா, அம்மா, தறிகள், தம்பி நவீன்குமார் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று இருக்கிற சாமிகளையெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தம்பியைத் தறிக்குப் பின்னால் எழுதியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தறி நான் சொன்னதை நம்பி ஏமாந்ததில்லை.

நங்கை, இது விளையாட்டு இல்லை. இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் பெயர் அப்படிக் கெட்டுப்போய்க் கிடக்கிறது. மாப்பிள்ளை வீடு பார்க்க நீங்களெல்லாம் வந்த அன்று உங்கள் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, மச்சான்காரன் செருப்பில்லாமல் கோழிப்பண்ணையை மூன்று சுற்றுச் சுற்றினால்தான் எங்கள் வழக்கப்படி சம்பந்தம் உறுதியாகும் என்று சொன்னது நான்தான். அவன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டபடி சுற்றியதும், கோழிகள் அவனை மதிக்காமல் நடந்துகொண்டதும் உங்களுக்குத் தெரியும். அதனால் இப்போது நான் தீ என்று கத்தினாலும் நீங்கள் சூடம் ஏற்றுகிறார்கள் போல என்றுதான் நினைப்பீர்கள். இந்த ஒரு கடிதத்தை மட்டும் நம்பிவிடுங்கள். புதன்கிழமையிலிருந்து உங்கள் போன் அணைந்தே இருக்கிறது, அண்ணன் அனுப்பிய குட்மார்னிங் எல்லாம் ஒற்றை டிக்கோடு வரிசையில் நிற்கிறது, ஆகையால் எங்கள் பண்ணை முட்டை வண்டி ஓட்டும் மணியன் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் எடப்பாடியில் முட்டை இறக்கும்போது இதையும் உடையாமல் இறக்கிவிடுவார்.

புதன்கிழமை என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் அப்பா எங்கள் அப்பாவைப் போனில் கூப்பிட்டார். மழை வருமா என்று கேட்டார், எருமை கன்று போட்டதா என்று கேட்டார், எருமைக்கு இன்னும் மாதம் ஆகவில்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் இருமினார், கடைசியாக, "ஏனுங்க சம்பந்தி, கண்ணாலத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாங்களா?" என்றார். காரணம் அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? காரணம் அந்த நேரத்தில் எங்கள் கூடத்தில், தலையிலிருந்து மோவாய் வரைக்கும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. அதற்கு முதல் நாள்தான் உங்கள் பெரியப்பா அண்ணனைப் பெட்ரோல் பங்கில் பார்த்திருக்கிறார். துண்டு விலகியிருக்கிறது. பல்வலி என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். பல்வலிக்கு நெற்றி உரியாது என்பது உங்கள் பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் காலண்டரைத்தான் புரட்டுகிறார்கள். இந்த ஆனி முகூர்த்தத்தை விட்டால் ஆடி வந்துவிடும், ஆடியில் தாலி கட்ட மாட்டார்கள், ஆவணி வரைக்கும் இழுத்தால் சொந்தபந்தம், ஒறம்பரைச் சனம் ஆளுக்கொரு கதை கட்டிவிடும் என்று அம்மா சொல்கிறது. ஏற்கனவே பக்கத்துத் தோட்டத்து அங்கம்மாள் அக்கா வேலியோரம் வந்து நின்று, பையனுக்குத் தோல் வியாதியாமே, இனிமேல் யார் பொண்ணு கொடுப்பார்கள் என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டது. தோல் வியாதியே இல்லை நங்கை. தோல் விஷயத்தில் வந்தது, அதனால் வேண்டுமானால் தோல்வி என்று சொல்லலாம். இதில் என் பங்குக்கும் ஒரு கவலை உண்டு, மறைக்க மாட்டேன். அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்யப்போகிற தங்கச்சி நான். பொண்ணுக்குச் சமமாக எனக்கும் பட்டு, எனக்கும் பூ, கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அண்ணன் கையில், மறு தலைப்பு என் கையில் என்று மணவறையில் உட்கார வேண்டியவள். கல்யாணம் நின்றால் உங்களுக்கு வேறு மாப்பிள்ளை கிடைப்பான். எனக்கு வேறு அண்ணன் எங்கே கிடைப்பான்?

ஆகவே உண்மையை உரித்து வைக்கிறேன். உரிப்பதில் எங்கள் வீட்டுக்கு இப்போது நல்ல அனுபவம்.

அண்ணன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய்க் கோடை முழுவதும் போர்வெல் போட்டுவிட்டு வந்தது உங்களுக்குத் தெரியும். எந்த அலங்காரத்தில் வந்தான் என்பது தெரியாது. வீடியோ காலில் எப்போதும் தொப்பியும் கூலிங்கிளாசுமாகத்தான் பேசினான், ஸ்டைல் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து அதையெல்லாம் கழற்றியபோதுதான் விவகாரம் வெளியே வந்தது. தொப்பி மறைத்த நெற்றி ஒரு நிறம், கண்ணாடி மறைத்த இரண்டு வட்டம் ஒரு நிறம், புழுதிக்குக் கட்டிய மாஸ்க்குக்குக் கீழே ஒரு நிறம், எதுவும் மறைக்காத மூக்கும் கன்னத்து மேடும் சட்டியில் மறந்துவிட்ட பணியாரம் மாதிரி ஒரு நிறம். மறைந்த இடமெல்லாம் பழைய அண்ணன், மறையாத இடமெல்லாம் புது அண்ணன். அம்மா கதவைத் திறந்து, "ஆருங்க?" என்றது. எருமை கயிற்றின் நீளம் அனுமதித்த மட்டும் பின்னால் போனது. கல்யாண போட்டோக்காரர் வந்து பார்த்துவிட்டு, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னார். நேரில் வருகிற சனத்தை எப்படி எடிட் பண்ணுவீர்கள் என்று அண்ணன் கேட்டான். அவர் கேமராவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றான். நான் பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டால்கூட அவ்வளவு பவ்யமாக நிற்க மாட்டேன். "அம்மிணி, செவப்பாக வேண்டாம். என்ற கலரு எனக்குப் போதும். மொகம் முச்சூடும் ஒரே கலரா இருந்தாத் தேவல. அதுக்கு ஏதாச்சும் சொல்லு" என்றான். என்னிடம் ஏன் கேட்டான் என்றால், பத்தாம் வகுப்பில் என் முகத்தில் பருக்கள் மாநாடு நடத்தியபோது நான் முகத்துக்குத் தடவும் சீரங்களைப் பற்றி எல்லாவற்றையும் படித்துத் தேறியவள். எந்தப் பாட்டில் எந்தக் குறைக்கு, எதைக் காலையில் போட வேண்டும், எதை வெயிலில் காட்டவே கூடாது, எதற்கும் எதற்கும் ஆகாது என்பதெல்லாம் எனக்கு மாமியார் மருமகள் சண்டை மாதிரி அத்துப்படி. பாடப் புத்தகத்தை இப்படிப் படித்திருந்தால் நான் இந்நேரம் டாக்டர் என்று அப்பா சொல்வார். தோலுக்கு மட்டும் டாக்டர் என்று நான் திருத்துவேன்.

நான் சரியாகத்தான் சொன்னேன் நங்கை, எருமை மேல் ஆணை. வெயிலில் கறுத்ததற்கு முதல் மருந்து வெயிலில் போகாமல் இருப்பது, போனால் சன்ஸ்கிரீன், காலையில் நியாசினமைடு சீரம் இரண்டே சொட்டு, ராத்திரி ஈரப்பதம் காக்கும் சாதாரண கிரீம், அவ்வளவுதான். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும், ஒரு சமயத்தில் ஒரு சீரம்தான், முழுக்கச் சரியாக மூன்று மாதம் ஆகும், கல்யாணத்துக்குள் ஆகாது, ஆனால் பாதி அடங்கும், மீதியை மேக்கப் அக்கா பார்த்துக்கொள்ளும் என்றேன். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் ரிக்காரன் என்பதை நான் மறந்துவிட்டேன். பாறையாக இருந்தாலும் விடிவதற்குள் ஆயிரம் அடி இறங்குகிற ஆள். "ஆயரம் அடி போறதுக்கு ஒரு நாளு. ஒரு மில்லி ஆழம் இல்லாத தோலுக்கு மூணு மாசமா?" என்று கேட்டான். பாறை வலிக்கிறது என்று சொல்லாது, தோல் சொல்லும் என்றேன். சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து கொரியர்க்காரர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஐந்து பாட்டில். நான் சொன்ன நியாசினமைடு ஒன்று. நான் சொல்லாதவை நான்கு. பளபளப்புக்கு வைட்டமின் சி, பருவே இல்லாத முகத்துக்குப் பருவுக்கான சாலிசிலிக், செத்த தோலை அரித்தெடுக்க கிளைகாலிக், புதுத் தோல் முளைக்க ரெட்டினால். பாட்டில் எல்லாம் சொட்டு மருந்து அளவு, ஒவ்வொன்றுக்கும் மேலே ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக் குழாய். பெண் வீட்டுக்காரர்கள் சீர் கொண்டு வருவார்கள் என்று பார்த்தால், மாப்பிள்ளை தானே சீரம் கொண்டு வந்து சீரழியத் தயாராக நிற்கிறான். கிளைகாலிக்கையும் ரெட்டினாலையும் ஒரே நாளில் தொடாதே, இரண்டையும் போட்டுக்கொண்டு வெயிலை எட்டிக்கூடப் பார்க்காதே, நான் வரும் வரைக்கும் மூடியைக்கூடத் திறக்காதே என்று சொல்லிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்குப் போனேன். வேதியியல். அங்கே அமிலங்களைப் பற்றி எனக்குப் பாடம் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே அண்ணனுக்குச் செய்முறை நடந்துகொண்டிருந்தது.

செய்து வைத்தவர் பூபதி மாமா. அம்மாவின் தம்பி, சங்ககிரி ரோட்டில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார் என்று நிச்சயத்தன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தோமே, அவரேதான். அவர் அடித்த லாரியின் பக்கவாட்டில் பார்த்து டிரைவர்கள் தலை சீவிக்கொள்வார்கள், அப்படி மின்னும். அவர் முகூர்த்தப் பத்திரிகை விஷயமாக வந்தவர், மேஜைமேல் ஐந்து பாட்டிலும் அதற்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்த அண்ணனையும் பார்த்திருக்கிறார். அப்புறம் நடந்ததை நான் அம்மா, அண்ணன், மாமா மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று பேரும் மற்ற இருவர் மேல்தான் குற்றம் சொன்னார்கள் என்பதால் நடந்தது உண்மை என்று முடிவு செய்தேன்.

"ஏ மாப்ள, மருந்தை வாங்கி வெச்சுட்டு மொகத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கற?" என்று கேட்டாராம்.

"பிரியா ஒவ்வொண்ணாத்தான் போடோணும்னு சொல்லீருக்கறாளுங்க மாமா."

"லாரிக்கு பிரைமர் ஒரு மாசம், பட்டி ஒரு மாசம், பெயின்ட் ஒரு மாசம்னு அடிச்சா வண்டி எப்பறா லோடு ஏத்தறது? கண்ணாலத்துக்குள்ள ஓட்டோணுமா வேண்டாமா?"

அண்ணன் வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லில் முடிந்தது கதை. மாமா பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தொழில்முறைப்படி அடுக்கினார். தோலை அரிக்கிற கிளைகாலிக் என்பது பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிற ரிமூவர், அது முதலில். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற சாலிசிலிக் என்பது துரு எடுக்கிற மருந்து, அது இரண்டாவது. புள்ளிகளை நிரவுகிற நியாசினமைடு, தகரத்துப் பள்ளத்தை நிரப்புகிற பட்டி. வைட்டமின் சி கலர். ரெட்டினால் கடைசியில் மேலே அடிக்கிற வார்னிஷ். ரெட்டினால் பாட்டிலில் ராத்திரிக்கு மட்டும் என்று நிலா படம் போட்டிருப்பதை அண்ணன் காட்டியிருக்கிறான். அதற்கு மாமா, பெயின்ட்டுக்கு ராத்திரி பகல் கிடையாது, காய்ந்ததா காயவில்லையா என்பதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டார். அடுத்த கோட்டிங் அடிக்கும் முன் முந்தைய கோட்டிங் நன்றாகக் காய வேண்டும் என்பது லாரி வேதம். லாரி எங்கே காயும்? வெயிலில். நங்கை, உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு நெல் காயவைக்கும் களத்தில் உச்சி வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, என் அண்ணனை அதில் அண்ணாந்து உட்கார வைத்து, ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நடுவே கன்னத்தை விரல் நுனியால் தொட்டு ஒட்டுகிறதா என்று பார்த்து, பெயின்ட் தேய்க்கிற எமரி தாளுக்குப் பதிலாகப் பீர்க்கங்காய் நாரால் லேசாகத் தேய்த்து, அடுத்ததை அடித்திருக்கிறார்கள். சொட்டுக் குழாய் கட்டுப்படியாகவில்லை என்று மாமா பாக்கெட்டிலிருந்து புது பிரஷ் எடுத்திருக்கிறார். அரை இஞ்சு. அம்மா நடுவில் வந்து, "ஏந்தம்பி, எரியாதா பையனுக்கு?" என்று கேட்டதற்கு, "எரிஞ்சாத்தானக்கா புடிக்குதுனு அர்த்தம்" என்றாராம். அண்ணனும் கண்ணில் நீர் வழிய, ஆமாம் பிடிக்கிறது என்றானாம்.

நான் பஸ் இறங்கி வந்தபோது அவன் களத்தில் வடகம் மாதிரி காய்ந்துகொண்டிருந்தான். ஆனால் உண்மையை எழுத வேண்டும் அல்லவா, அந்தச் சமயத்தில் அவன் மின்னினான். ஐந்தாவது கோட்டிங் போட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது, முகம் முழுக்க ஒரே பளபளப்பு, புது லாரியே தோற்கும், பின்பக்கம் ஹாரன் அடிக்கவும் என்று எழுதாததுதான் குறை. மாமா அவன் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தார். எனக்கு ஒரு நிமிஷம், படித்த பெண்ணாகிய எனக்கே, நமக்கும் ஒரு பிரஷ் அடித்திருக்கலாமோ என்று தோன்றிவிட்டது. அப்படி ஒரு மினுமினுப்பு.

சாயங்காலம் பளபளப்பு சிவந்தது. ரெட்டினால் போட்டால் ரெட் ஆகும் என்று பெயரிலேயே எச்சரித்திருக்கிறார்கள், யார் கேட்டார்கள்? திங்கட்கிழமை முகம் முரசு மாதிரி இறுகி, சிரிக்க வேண்டுமென்றால் அனுமதி கேட்க வேண்டிய நிலை. செவ்வாய்க்கிழமை நெற்றியில் தொடங்கி முகம் உரிய ஆரம்பித்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் முகம் உரித்தம். ஒரே கலர் கேட்டவனுக்கு இப்போது ஏழெட்டுக் கலர், அதிலும் சிலவற்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அன்றைக்குப் போய் அப்பா வண்டிக்கு டீசல் போட்டு வரச் சொல்லி அனுப்பினாரே, அங்கேதான் உங்கள் பெரியப்பா.

வியாழக்கிழமை சேலத்தில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாமாவும் வந்தார், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வந்தார். டாக்டர் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, என்ன போட்டீர்கள் என்று கேட்டதும் அண்ணன் வாயைத் திறக்கும் முன் மாமா ரிமூவரிலிருந்து வார்னிஷ் வரைக்கும் முறையாக ஒப்பித்தார். டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "காய வெச்சது எங்க?" என்று கேட்டார். களத்தில் என்றோம். "எத்தன மணிக்கு?" உச்சி வெயில் என்றோம். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு, இது வியாதி இல்லை, ஒட்டாது, பரவாது, குழந்தைகளுக்கு வராது, அமிலமும் வெயிலும் சேர்ந்து மேல்தோலைச் சுட்டிருக்கிறது, களிம்பு போடுங்கள், வெறும் ஈரப்பத கிரீம் போடுங்கள், வெயிலில் விடாதீர்கள், சில வாரத்தில் தானே தேறிவிடும் என்றார். சீரம் எதுவும் மறுபடி எப்போது போடலாம் என்று அண்ணன் கேட்டான் பாருங்கள், அதுதான் தைரியம். அவர் அவனைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தார். "இவரு ஊர்ல இல்லாதப்போ" என்றார்.

இவ்வளவுதான் நங்கை நடந்தது. இதில் சிரிக்க நிறைய இருக்கிறது, நானே எழுதும்போது இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துச் சிரித்துவிட்டு எழுதுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் சிரிக்காமல் எழுதுகிறேன். அப்பா உங்கள் வீட்டுக்கு நேரில் வந்து பேசிவிடலாம் என்று சட்டை மாட்டினார். அண்ணன் துண்டுக்குள்ளிருந்து, "வேண்டாமுங்கப்பா" என்றான். "அவிய ஊட்ல மொகத்தப் பாத்துட்டு வேண்டாங்கறாங்கன்னா அது அவிய தப்பில்லீங்க. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். சித்ராவ ஆரும் கட்டாயப்படுத்த வேண்டாம்." அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டார். அண்ணன் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனான். நான் பின்னாலேயே போனேன், கேலி செய்யலாம் என்றுதான் போனேன், அவன் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தான். இத்தனை வருஷமாக எனக்கு அண்ணனை எதைச் சொன்னாலும் கேலி செய்யத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சரி, யாரும் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டோம். ஆனால் வியாதி என்று நினைத்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேகம் என்று நினைத்துச் சொல்லுங்கள், லாரி மாமன் என்று நினைத்துச் சொல்லுங்கள், விஷமக்கார நாத்தனார் என்று நினைத்துக்கூடச் சொல்லுங்கள். ஒரு தடவை வந்து துண்டை விலக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பவன் உங்களுக்காக உச்சி வெயிலில் கண்ணீர் வழியக் காய்ந்த ஆள். நீங்கள் சம்மதம் என்று சொன்னால், கல்யாணம் முடிகிற வரைக்கும் நவீன்குமாரை நான் எதிலும் ஏமாற்ற மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் பற்றி இப்போது பேச வேண்டாம்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் எல்லோருடைய கும்பிடு. பெரியப்பாவுக்கு, பல்வலி பொய்தான், மன்னிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் தறிகள் ஓயாமல் ஓடவும், நூல் அறுகாமல் வரவும், உங்கள் மனசு ஆனிக்குள் இளகவும் எங்கள் குலசாமியிடம் அம்மா தேங்காய்க்கு நேர்ந்திருக்கிறது. முகம் தேறினால் தேங்காய் தனி.

இப்படிக்கு,
உங்கள் பக்கம் நின்று உங்களைக் கூப்பிடும்
தனப்பிரியா.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். கவரை ஒட்ட நாக்கை நீட்டிய நேரத்தில் உங்கள் தம்பி பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னால் வர மாட்டேன் என்று இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, நீங்கள் யாருக்கும் தெரியாமல் அனுப்பிய சேதியை எங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னான். "எங்கக்கா மொகமும் உரிஞ்சு போச்சுங்க. அத நீங்க பாத்தா வேண்டாமுனுருவீங்கன்னு அழுதுட்டுக் கெடக்குது. அதாங்க அப்பா தள்ளி வெக்கச் சொன்னாரு." நங்கை, நீங்களுமா? கல்யாணத்துக்கென்று நீங்களும் ஐந்தாறு சீரம் வாங்கி, சாயப்பட்டறை வைத்திருக்கும் உங்கள் அர்த்தநாரி சித்தப்பா, நூலுக்குச் சாயம் தனித்தனியாக முக்கினால் திட்டுத்திட்டாக ஏறும், எல்லாவற்றையும் ஒரே குண்டாவில் கலந்து துணியில் நனைத்து முகத்தில் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தால்தான் சாயம் நிற்கும் என்று சொல்ல, நீங்களும் ஒரு மணி நேரம் வெந்தீர்களாமே. இதைக் கேட்டதும் அண்ணன் ஒரு வாரமாகக் கழற்றாத துண்டைக் கழற்றிக் கேட்டின்மேல் போட்டான். நவீன்குமார் அவன் முகத்தைப் பார்த்து, நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து சிரித்தான். இப்போது அவன் போனில் நீங்களும் அண்ணனும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், இருவரும் சிரிக்க முயன்று வலியில் ஐயோ என்பது எனக்கு இங்கே கேட்கிறது. இரண்டு அப்பாக்களும் ஆனி முகூர்த்தம் ஆனிதான் என்று பேசி முடித்துவிட்டார்கள், பத்துப் பொருத்தம் பார்த்த சோசியர் தோல் பொருத்தத்தை எப்படித் தவறவிட்டார் என்று அம்மா அவர்மேல் கோபமாக இருக்கிறது. இவ்வளவும் சுபம். ஆனால் அவசரமாக ஒன்று. பூபதி மாமா சற்று முன் உங்கள் சித்தப்பா நம்பரை வாங்கிக்கொண்டு களத்துப் பக்கம் போனார். இருவரும் அரைமணி நேரமாக ரொம்பச் சிநேகமாகப் பேசுகிறார்கள். மாமா கடைசியாகச் சொன்னது மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது: "நீங்க ஆவி காட்டுனது செரிதானுங்க, நான் வெய்யல்ல வெச்சதும் செரிதானுங்க. தப்பு எங்கீனா, ரெண்டையும் சேத்துச் செய்யாம உட்டுட்டமுங்க." நங்கை, கால் பேசியது போதும், எழுந்து போய் உங்கள் வீட்டுப் பாட்டில்களை ஒளித்து வையுங்கள்.